புறவாசல்

புதுக்கவிதையில் உடல் என்று ஒரு கட்டுரை தருவதாக ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டு இரண்டு இதழ்கள் போய்விட்டன. 12 பக்கங்கள் எழுதியும் வைத்திருந்தேன். சென்ற வாரம் எடுத்துப் படித்துப் பார்த்தேன். வங்கிக் குமாஸ்தாவின் புத்தி, எண்ணாமல் இருக்க முடிவதில்லை. உடல் என்ற சொல் 43 இடங்களில் வருகிறது. உடலின் மொழி, உடலின் மௌனம், உடல் என்னும் பிரதி, இன்னும் என்னென்னவோ. குடல் ஒரே ஒரு இடத்தில், அதுவும் உவமையாக. மலம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. கட்டுரையை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். இது விமர்சனம் அல்ல. விமர்சனம் எழுதுகிறவனுக்கு வீட்டில் நடந்த ஒரு விஷயம்.

2022 ஆகஸ்டில் என் தகப்பனாருக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது அவருக்கு 68 வயது. பாளையங்கோட்டையில் முப்பது வருஷத்துக்கு மேல் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ரத்தம் போனதை ஏழெட்டு மாதம் மூலம் என்றே வைத்துக்கொண்டு, கருணைக்கிழங்கும் துத்திக் கீரையுமாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார். அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. கதிர்வீச்சும் மருந்தும் முடிந்து 2023 பிப்ரவரியில் அறுவை சிகிச்சை.

டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு படம் போட்டார். குழாய் மாதிரி ஒன்று, அதன் அடிப்பாகத்தைப் பேனாவால் அடித்தார், மிச்சமிருந்த நுனியை இடதுபக்கமாக வளைத்து வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்தார். "இங்கே ஒரு துவாரம். அதிலே பை. ஆயுசுக்கும் போட்டுக்கணும்." கட்டி இன்னும் கொஞ்சம் மேலே இருந்திருந்தால் வெட்டிவிட்டு மறுபடி இணைத்திருக்கலாம்; ஆசனவாயைச் சுருக்கிப் பிடிக்கும் தசைக்கு மிக அருகில் இருப்பதால் தசையும் சேர்ந்து போக வேண்டும், வாயிலையே தைத்து மூடிவிட வேண்டும் என்றார். எல்லாம் நாலு நிமிஷம். இந்த அறுவையை லண்டனில் மைல்ஸ் என்பவர் 1908-ல் வகுத்து எழுதினார் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். நூறு வருஷத்துக்கு மேலாகியும் அதன் எலும்புக்கூடு மாறவில்லை.

வெளியே வந்ததும் அப்பா சொன்ன முதல் வாக்கியம்: "அப்ப புறவாசலைக் கொண்டாந்து முன்வாசல்ல வைக்கப்போறாங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எங்கள் பக்கத்து வீடுகளைத் தெரிந்தவர்களுக்கு இதன் முழு அர்த்தமும் விளங்கும். முன்வாசலில் கோலம், திண்ணை, வருகிற போகிறவர்கள். புறவாசலில் கிணறு, தொழுவம், அதற்கும் பின்னால் எடுப்புக் கக்கூஸ். அதன் பின்புறம் ஒரு முடுக்கு. விடியுமுன் முடுக்கு வழியாக ஒரு பெண் வந்து வாளியில் அள்ளிக்கொண்டு போவாள். அவள் போன தடத்தில் பாட்டி தண்ணீர் ஊற்றுவாள். எனக்கு இது கேள்விதான், அப்பாவுக்கு நேர் அனுபவம். அந்தப் பெண்ணின் பெயர் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, ஒரு தகவலாகத்தான் சொன்னார்.

அறுவை முடிந்து நாலாவது இரவு. அதுவரை டாக்டர்கள் காலையும் மாலையும் வந்து கேட்டது ஒரே கேள்வி: பையில் காற்று வந்ததா? குடல் மறுபடி வேலை தொடங்கியதற்கு அதுதான் முதல் அடையாளம். நம்மில் சிலர் கவிதை வரும் தருணத்துக்குக் காத்திருப்பதாகச் சொல்வதுண்டு. அந்த வார்டில் ஏழு பேர் ஒரு மனிதரின் வயிற்றிலிருந்து வாயு பிரிவதற்காகக் காத்திருந்தோம். மூன்றாம் நாள் வந்தது. நாலாம் நாள் காற்றோடு தண்ணீராகவும் வந்து, பை உப்பி, விளிம்பு பிரிந்து, எல்லாம் வயிற்றில் வழிந்தது. இரவு இரண்டு மணி இருக்கும். நான் கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

"ஏல, முழிச்சிருக்கியா?"

முழித்துத்தான் இருந்தேன். நாற்றத்தில் முழிப்பு வந்து ஐந்து நிமிஷமாகியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். மறுபடியும் கூப்பிட்டார், இன்னும் மெதுவாக, பக்கத்துக் கட்டில்காரர் விழித்துவிடக் கூடாதே என்று. அப்புறம் கூப்பிடவில்லை. தரை துடைக்கும் பெண் வாளியோடு வந்தாள். நோயாளியைச் சுத்தம் செய்வது அவள் வேலை அல்ல. துண்டை நனைத்துப் பிழிந்து துடைத்தாள், காயத்தின் கட்டில் படாமல் பழந்துணியை அணைக் கட்டினாள், பிறகு போய் நர்ஸைக் கூட்டிவந்தாள். அப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். "இருக்கட்டும் ஐயா. மவன் அசந்து தூங்குறாரு, எழுப்ப வேண்டாம்" என்றாள். சொன்ன தோரணையில், அவளுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது.

தகழியின் 'தோட்டியின் மகன்' பற்றி, சுந்தர ராமசாமியின் தமிழாக்கத்தை வைத்துக்கொண்டு, இதே பத்திரிகையில் எட்டுப் பக்கம் எழுதியவன் நான். ஆலப்புழையில் மலம் அள்ளியவர்களின் மூன்று தலைமுறைக் கதை. அவர்கள் பெயர்கள் எங்கள் ஊர்ப் பெயர்கள்: இசக்கிமுத்து, சுடலைமுத்து. அந்த நாவலில் அருவருப்பு எப்படி ஓர் அழகியல் பிரச்னையாகிறது என்று நான் விளக்கியிருந்தேன். சில நண்பர்கள் கடிதமும் எழுதினார்கள். பாயில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தபோது அந்தக் கட்டுரை நினைவுக்கு வந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எழுந்திருக்க வேண்டாம் என்பது ஒன்றுதான் இருந்தது.

அந்த வார்டில் 17 நாள் இருந்தேன். குடலை வெளியே கொண்டுவருவதில் இத்தனை வகை உண்டு என்பதை அங்கேதான் பார்த்தேன். பெயர்கள் பார்க்கப் பயமுறுத்தும், விஷயம் எளிது. பெருங்குடலை வெளியே எடுத்தால் கொலாஸ்டமி, சிறுகுடலின் கடைசிப் பகுதியை எடுத்தால் இலியாஸ்டமி. வெளியே தெரியும் அந்தச் சிவந்த முனைக்கு ஸ்டோமா என்று பெயர். கிரேக்கத்தில் வாய் என்று அர்த்தம். அப்பாவிடம் சொன்னேன். "வாய்னா பேசணும்லா?" என்றார். அது பேசவும் செய்தது. வார்டு அமைதியாக இருக்கும்போது, அப்பா பேசி முடித்த வாக்கியத்துக்குப் பின்னால் அதுவும் ஒன்று சொல்லும். கீழே தசை இருந்தது, அடக்கலாம். இதற்குத் தசை இல்லை. நாற்பது நிமிஷப் பாடவேளையை ஒரு இருமல் இல்லாமல் நடத்தியவருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

எந்த இடத்தில் குடலை அறுத்து எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வெளியே வருவதும் மாறும். பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான். அப்பாவுக்குக் கடைசி வளைவிலிருந்து எடுத்தது, ஆகவே சில வாரங்களில் வருவது கெட்டிப்பட்டு, பழைய ஒழுங்கில் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவை என்றாகிவிட்டது. எதிர்க்கட்டிலில் ஒரு கிழவி, குடல் அடைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவரப்பட்டவள். அவளுக்குக் குறுக்காகப் போகும் பெருங்குடலை ஒரு வளையமாக வெளியே இழுத்து, அது உள்ளே நழுவிவிடாமல் அடியில் ஒரு பிளாஸ்டிக் குச்சியைச் செருகியிருந்தார்கள். மாவாகக் கரைத்த மாதிரி வரும். இந்தக் குச்சி யுக்தியை 1888-ல் மைடல் என்ற டாக்டர் எழுதிவைத்தார். அவர் உபயோகித்தவற்றில் ஒன்று வாத்தின் இறகுத் தண்டு. அதே தண்டைச் சீவித்தான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டு கவிதை எழுதினார்கள்.

சங்கரன்கோவில் பக்கத்து இளைஞன் ஒருவன். டைபாய்டில் சிறுகுடல் ஓட்டையாகி, வலதுபக்கம் இலியாஸ்டமி வைத்திருந்தார்கள். அவனுடையதுதான் கஷ்டம். பச்சையும் மஞ்சளுமாகத் தண்ணீராக ஓயாமல் வரும், சாதாரணமாகவே நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல். அதில் ஜீரண நீர்கள் உயிரோடு இருக்கின்றன. சோற்றை ஜீரணிக்கிற நீர் தோலையும் ஜீரணிக்கும். பை சரியாகப் பொருந்தாமல் இரண்டு நாளில் அவன் வயிறு வெந்துபோன மாதிரி ஆகிவிட்டது. முன்னாளில் இலியாஸ்டமி வைத்தவர்கள் எல்லாரும் இந்தப் புண்ணோடுதான் வாழ்ந்தார்கள். பர்மிங்காமில் ப்ரூக் என்ற டாக்டர் 1952-ல், குடல் நுனியைச் சட்டைக் கையை மடிப்பதுபோல வெளிப்புறமாக மடித்துத் தைத்தார். இரண்டு இரண்டரை செண்டிமீட்டர் மூக்கு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். வருவது தோலில் படாமல் நேரே பைக்குள் விழும். ஒரு மடிப்புத்தான். இலக்கியத்தில் நாம் உத்தி என்று சொல்வதெல்லாம் இப்படி யாருக்காவது புண்ணை ஆற்றியிருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம். அந்த இளைஞனுக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். ஒன்றரை, இரண்டு லிட்டருக்கு மேல் வெளியேறத் தொடங்கினால் உடம்பின் உப்பு வறண்டு சிறுநீரகம் கெடும். அவனுடையது தற்காலிகம், சில மாதம் கழித்து மூடிவிடலாம். 'தற்காலிகம்' என்ற சொல்லை அவன் அம்மா மந்திரம்போலச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக ஒரு குழந்தை. பிறந்து ஆறு நாள். பக்கத்துக் குழந்தைகள் வார்டில் இருந்தது, தாயின் அனுமதியோடு ஒரு தடவை பார்த்தேன். ஆசனவாய் இல்லாமலே பிறந்திருந்தது. வயிற்றில் ஒரு ரோஜா நிறப் புள்ளி. பை வாங்க வசதியில்லை, பழஞ்சேலைத் துண்டுகளை மடித்து வைத்து மாற்றிக்கொண்டிருந்தாள். இந்த வகை அறுவையின் சரித்திரமே இப்படி ஒரு குழந்தையிலிருந்துதான் தொடங்குகிறது. 1710-ல் பாரிஸில் லித்ரே என்பவர், இதே குறையோடு பிறந்து ஆறு நாளில் இறந்த குழந்தையை அறுத்துப் பார்த்துவிட்டு, குடலை வயிற்றுக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருக்குமே என்றார். சொன்னதோடு சரி. 1776-ல் ரூவானில் பிலோர் என்பவர் ஒரு மது வியாபாரிக்குச் செய்தார். அந்த ஆளின் அடைப்பு நீங்க முன்னதாக ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பாதரசம் விழுங்க வைத்திருந்தார்கள். துவாரம் நன்றாக வேலை செய்தது, பாதரசம் குடலைக் கெடுத்து 28-ம் நாள் செத்தார். 1793-ல் ப்ரெஸ்ட் நகரத்தில் தியுரே ஒரு சிசுவுக்குச் செய்தார். அந்தச் சிசு 45 வயது வரை வாழ்ந்தது. பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அந்த வருஷம் கில்லட்டினுக்குப் போன ராஜா ராணியைத் தெரியும். வயிற்றில் ஒரு வாயோடு 45 வருஷம் இருந்தவர் என்ன தொழில் செய்தார், எதைக் கட்டி மறைத்தார் என்று யாரும் எழுதிவைத்ததாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று ஒரு நர்ஸ் வந்தாள். நாகர்கோவில் பக்கத்துப் பெண். இந்தக் காரியத்துக்கென்று தனியாகப் பயிற்சி பெற்றவள். அவள் அந்த ஆஸ்பத்திரிக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வருவாளாம். முதலிலேயே அவளைப் பார்த்திருந்தால் ஒரு பெரிய தப்பு நடந்திருக்காது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பையைக் கழற்றிவிட்டு என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். நான் பின்வாங்கினேன். "உங்க வாய்க்குள்ள கன்னத்த தொட்டுப் பாருங்கண்ணே, அதேதான் இது" என்றாள். அதேதான். ஈரம், வெதுவெதுப்பு, சிவப்பு. வலி உணரும் நரம்பு அதில் இல்லை. தொட்டால் அப்பாவுக்குத் தெரியவில்லை. துடைக்கும்போது ஒரு பொட்டு ரத்தம் கசியலாம், பல் விளக்கும்போது ஈறில் கசிவதுபோல, பயமில்லை. நீலம் பாய்ந்தாலோ கறுத்தாலோ உள்ளே இழுத்துக்கொண்டாலோ உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். வெறும் வெந்நீர் போதும். டெட்டால் கூடாது, ஸ்பிரிட் கூடாது, எண்ணெய்ப் பசையுள்ள சோப்பு கூடாது, தேங்காயெண்ணெய் அறவே கூடாது, பை ஒட்டாது. தேய்க்காமல் ஒற்றி எடுத்துத் தோல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிட வேண்டும், நிறைய விட்டால் கனம் தாங்காமல் பிரியும். ஒட்டிய தகட்டை மூன்று நாலு நாளைக்கு ஒரு தடவை மாற்றலாம். தினமும் பிய்த்தால் தோல் உரியும்.

அட்டையில் வட்டங்கள் வெட்டிய ஓர் அளவுகோலைக் காட்டினாள். ஸ்டோமாவின் மேல் வைத்துப் பார்த்து, அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகத் தகட்டில் துவாரம் வெட்ட வேண்டும். சிறியதானால் குடலை நெரிக்கும், பெரியதானால் இடையில் தெரியும் தோல் புண்ணாகும். அறுவையின் வீக்கம் வடிய ஆறு எட்டு வாரமாகும், அதுவரை ஒவ்வொரு தடவையும் அளக்க வேண்டும். முதல் வாரம் 40 மில்லிமீட்டர் இருந்தது. இப்போது 28. தலைப்பைப் பார்த்தே புத்தகத்துக்கு மதிப்புரை எழுதும் விமர்சகர்களுக்கு ஒரு மாதம் இந்த அட்டையைக் கொடுத்துப் பார்க்கலாம். எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவள் சொல்லி முடித்ததும் அப்பா கேட்டார்: "ஏம்மா, எந்தக் கையால கழுவணும்?"

அவளுக்குக் கேள்வி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. 68 வருஷம் ஒரு கை அதற்கு, ஒரு கை சோற்றுக்கு, எழுத்துக்கு, விபூதிக்கு. "ரெண்டு கையும் வேணும் ஐயா. ஒரு கையால தோலைப் பிடிச்சுக்கிட்டு மத்த கையால மெல்லமா உரிக்கணும்" என்றாள். அப்பா பேசாமலிருந்தார். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் கரண்டியால் சாப்பிட்டார். எங்கள் வீட்டில் கரண்டியால் சோறு தின்றவர் அவருக்கு முன்னால் ஒருவருமில்லை. எட்டாம் நாள் ரசத்தைக் கையால் பிசைந்து உறிஞ்சியபோது அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்தத் தப்பு இதுதான். ஸ்டோமாவை எங்கே வைப்பது என்பதை அறுவைக்கு முன்னாலேயே நோயாளியை நிற்கவைத்து, உட்காரவைத்து, குனியச்சொல்லிப் பார்த்துப் பேனாவால் குறித்துவிட வேண்டும். மடிப்பில் வரக் கூடாது, பழைய தழும்பில் வரக் கூடாது, அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், உடுப்புக் கட்டும் கோட்டில் வரக் கூடாது. அப்பாவுக்கு யாரும் குறிக்கவில்லை. மேஜையில் மல்லாந்து கிடந்தவரின் வயிற்றில் டாக்டருக்கு வசதியான இடத்தில் வந்துவிட்டது. எழுந்து நின்றபோது அது நேராக வேட்டிக் கட்டில் விழுந்தது. வேட்டியை இறுக்கினால் பை நெரிகிறது, தளர்த்தினால் வேட்டி நிற்கவில்லை. காற்சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது வேட்டியை நெஞ்சுக்குக் கீழே தூக்கிக் கட்டி, மேலே ஜிப்பா போட்டுக்கொள்கிறார். பார்ப்பவர்கள் சாமியாராகப் போகிறாரோ என்று நினைக்கலாம்.

மூன்றாவது வாரம் ஒரு விடிகாலையில் அப்பாவைக் காணோம். கழிவறையில் உட்கார்ந்திருந்தார். "வருதுல" என்றார். தைத்து மூடிய இடம். இது பலருக்கும் வருவதுதானாம்: வெட்டிய காலில் அரிப்பதுபோல, எடுத்துவிட்ட மலக்குடலில் முட்டுவது தெரியும். நரம்புக்குச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. இன்மையின் இருப்பு என்று நான் இரண்டு கவிஞர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். அன்று அரைமணி நேரம் கழிவறைக் கதவுக்கு வெளியே நின்றேன்.

கணக்கையும் சொல்ல வேண்டும். பத்துப் பை ஒரு பெட்டி, தகடு தனி. மாதாமாதம் வரும் பில் என் சம்பளத்தில் ஒரு குமாஸ்தாவுக்கு உறைக்கிற அளவுக்கு இருக்கிறது. அப்பாவுக்கு அது தெரிந்த நாளிலிருந்து, வீசி எறிய வேண்டிய பையைக் கழுவித் துணிக்கொடியில் கிளிப் போட்டுக் காயவைக்கத் தொடங்கினார், புறவாசல் கொடியில்தான். வேண்டாம் என்று சண்டை போட்டேன். பிறகு, மாட்டிக் கழற்றும் இரண்டு துண்டுப் பையைக் கவனமாகக் கழுவி ஒன்றிரண்டு தடவை உபயோகிப்பவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்து விட்டுவிட்டேன். இந்தப் பையைக் கண்டுபிடித்தது டாக்டர் அல்ல. டென்மார்க்கில் எலீஸே ஸோரன்ஸன் என்ற நர்ஸ், 1954-ல், ஸ்டோமா வைத்த தன் தங்கை வெளியே போகவே கூசியதைப் பார்த்துவிட்டு, ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பை ஒன்றை யோசித்தாள். அமெரிக்காவில் டர்ன்புல் என்ற டாக்டர் தம்மிடம் இலியாஸ்டமி செய்துகொண்ட நார்மா கில் என்ற பெண்ணையே 1958-ல் மற்ற நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுக்க வேலைக்கு அமர்த்தினார். இந்த நர்ஸ் தொழிலே அங்கிருந்துதான் கிளைத்தது. அந்நாளில் அவர்கள் புண்ணான தோலுக்குப் போட்டது கராயா பிசின், நம் நாட்டுக் காடுகளில் ஆதிவாசிகள் மரப்பட்டையைக் கீறி எடுப்பது. இங்கே கீறி, அங்கே போய், ஒரு வயிற்றை ஆற்றியிருக்கிறது. இங்கே வயிறு வெந்து கிடந்த சங்கரன்கோவில் இளைஞனை நினைத்துக்கொண்டேன்.

இலக்கியத்துக்கு வருகிறேன். வர்ஜீனியா உல்ஃப் 1926-ல், நோய் ஏன் காதலைப்போல இலக்கியத்தின் பெரிய பொருளாகவில்லை என்று கேட்டு ஒரு கட்டுரை எழுதினார். நல்ல கட்டுரை. அதிலும் காய்ச்சல் உண்டு, தலைவலி உண்டு, குடல் இல்லை. நோயை உருவகமாக்காதீர்கள் என்று சூசன் சொண்டாக் 1978-ல் எழுதியதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வீட்டுக்குள் முதலில் உருவகமாக்கியது நோயாளிதான், புறவாசல் என்று. அந்த உருவகத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் ஆபரேஷன் மேஜைக்குப் போனார். ஸ்விஃப்ட் 1732-ல் அலங்கார அறையைப் பற்றி எழுதிய கவிதையை பி.ஏ. படிக்கும்போது நூலகத்தில் தேடிப் படித்துச் சிரித்தோம். காதலியும் மலம் கழிக்கிறாள் என்று கண்டுபிடித்து மூளை கலங்கிப்போகிறவனைப் பற்றியது. இன்று படித்தால், சிரிப்பு அவனைப் பார்த்தா அவளைப் பார்த்தா என்பதில் ஸ்விஃப்ட்டே தெளிவாக இல்லை என்று படுகிறது.

நம்மிடம் சித்தர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். உடம்பு நாறும், ஒன்பது வாசல், ஊத்தைப் பாண்டம். அப்பாவுக்கு அதில் பாதிக்குமேல் மனப்பாடம். எனக்கு அந்த வெறுப்பு ஒரு சௌகரியமான வெறுப்பாகத் தோன்றத் தொடங்கிவிட்டது. நாறுகிறது என்று சொல்லிவிட்டு விலகிப்போகிறவனின் குரல் அது. யார் கழுவினார்கள் என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. நவீன எழுத்தில் அந்தக் கேள்வியைச் சிலர் எழுப்பியிருக்கிறார்கள். பெருமாள்முருகன் 'பீக்கதைகள்' என்றே ஒரு தொகுப்புக்குப் பெயர் வைத்தார். அந்தப் பெயரைச் சொல்லும்போது நம் நண்பர்கள் சிலர் இன்னமும் குரலைத் தாழ்த்துகிறார்கள். ஒன்பது வாசல் கணக்கை அப்பாவே ஒரு நாள் போட்டார். ஒன்றை மூடி ஒன்றைத் திறந்ததால் தனக்கு இன்னும் ஒன்பதுதான். எதிர்க்கட்டில் கிழவிக்குத்தான் பத்து.

நாலாவது மாதம் அந்த நர்ஸ் போனில் ஒரு வழி சொன்னாள். டாக்டரைக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு செய்யச் சொன்னாள். அப்பாவுடையதுபோலப் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் வைத்தவர்களுக்கு மட்டும் பொருந்தும். இலியாஸ்டமிக்காரர்கள் செய்யக் கூடாது. தினம் ஒரே நேரத்தில் முக்கால் லிட்டர் வெதுவெதுப்பான நீரை, ஆணியில் மாட்டிய பையிலிருந்து ஒரு கூம்பு வழியாக ஸ்டோமாவுக்குள் மெதுவாக விட வேண்டும். ஒரு மணி நேரத்தில் எல்லாம் கழிந்துவிடும். பிறகு மறுநாள் வரை பெரும்பாலும் ஒன்றும் வராது. பழக இரண்டு மாதம் ஆனது. தோள் உயரத்தில் ஆணியடித்துக் கொடுத்தேன். அப்பா அதற்கு ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார்: நேரம், நீரின் அளவு, முந்தின நாள் சாப்பிட்டது. வெங்காயம், மொச்சை, முட்டைக்கோஸ் மூன்றுக்கும் எதிரே சிவப்பு மையில் கோடு.

காலை எட்டு மணிக்குமேல் அவர் இப்போது சுதந்திர மனிதர். நெல்லையப்பர் கோவிலுக்கு நடந்து போகிறார். கொடிமரத்தைத் தாண்டுவதில்லை. யாரும் தடுக்கவில்லை, யாருக்கும் தெரியவும் தெரியாது. நான் ஒரு தடவை வாதாடிப் பார்த்தேன்: எல்லார் வயிற்றிலும் அதுதானே இருக்கிறது, உங்களுக்குக் காலியாகவே இருக்கிறது, கணக்குப்படி நீங்கள்தான் சுத்தம். தர்க்கம் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். மறுநாளும் கொடிமரத்தோடு திரும்பினார்.

முதல் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அப்பா ஒரு சேலை வாங்கி எடுத்துக்கொண்டார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. டாக்டரைப் பார்த்து முடித்ததும் வார்டுக்குப் போய் ஒரு பெயரைச் சொல்லி விசாரித்தார். அந்த இரவோ அடுத்து வந்த இரவுகளிலோ கேட்டு வைத்திருக்கிறார். துப்புரவு ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விட்டது, பழைய ஆட்கள் ஒருவரும் இல்லை என்றார்கள். மேஸ்திரியிடம் போகச் சொன்னார்கள். மேஸ்திரி புதியவன், அவனுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் வரும்போது சேலைப் பொட்டலத்தை அப்பா மடியில் வைத்திருந்தார், பையின் மேல் அழுத்தாமல் கொஞ்சம் தள்ளி. வள்ளியூர் தாண்டியதும், "நீ அன்னைக்கு முழிச்சுதான இருந்த" என்றார். ஆமாம் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை இரண்டு பேரும் வேறொன்றும் பேசவில்லை.